எர்த்து எங்கே போச்சு?

அத்தியாயம் 9

காலை ஆறே முக்காலுக்கு சௌந்தர்யா வாசல் கதவைத் திறந்தபோது, நீலக் கார் நேற்று நிறுத்திய இடத்திலேயே சமர்த்தாக நின்றது. அதன் மூக்கில் செருகிய ஒயரும் செருகியபடியே இருந்தது. ஒயரின் நடுவில் தொங்கிய சார்ஜர் பெட்டியில்தான் வில்லங்கம். பச்சை மினுக்க வேண்டிய இடத்தில் சிவப்பு மினுக்கியது.

கார் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். இருபத்து மூன்று சதவீதம். நேற்று நிறுத்தும்போதும் இருபத்து மூன்றுதான்.

"ராத்திரி முழுக்க இன்னாதான் பண்ணிகினு இருந்த நீ?" என்று காரைப் பார்த்துக் கேட்டாள்.

போன வாரம் வரை கூடவே வந்தவர்களுக்குக் கதை தெரியும். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். கார்களுக்கான ஒயரிங் கட்டும் ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் பதின்மூன்று வருடம் குவாலிட்டி பார்த்த சௌந்தர்யா, இந்த மாதம் முதல் தேதி ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாள். மிச்சமிருந்த லீவை நோட்டீஸ் மாதத்தில் கழித்துக்கொண்டிருக்கிறாள். மூன்று வருடம் ஓடிய எலெக்ட்ரிக் கார் ஒன்றை வாங்கி, வாடகைக்கு ஓட்ட பச்சை நம்பர் போர்டில் மஞ்சள் எழுத்தும் போட்டாயிற்று. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் முழங்கால் இடிக்கப் போகிற பெண்களைக் கம்பெனி வாசலில் கொண்டுபோய் விடுவது அவள் திட்டம். பர்மனென்ட் வேலையை உதறியவளை ஆப்பூரில் அவர்கள் தெருவே பைத்தியக்காரி என்றது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இன்று அந்தத் திட்டத்துக்குப் பரீட்சை. ஒரகடத்தில் இன்னொரு கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் ஜீவானந்தம், ஒரே ஒரு நாள் ட்ரயல் தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கும் ஒரு நிபந்தனை.

"ஒண்ணரைக்கு எங்க கேட்டுக்கு வர்றப்ப அம்பது பெர்சென்ட் காட்டணும்மா. ஒரு பாயிண்ட் கொறஞ்சாலும் ரூட்டு டீசல் வேனுக்குப் போயிடும். நாலு பொண்ணுங்கள நடுரோட்டுல நிக்க வச்சுட்டு நான் யாருக்குப் பதில் சொல்றது?"

சௌந்தர்யா விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். வீட்டு பிளக்கில் மணிக்குப் பன்னிரண்டு சதவீதம் ஏறும். ஸ்டேஷனுக்குப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போக அதே பன்னிரண்டு செலவாகும். பன்னிரண்டேகாலுக்குக் கிளம்ப வேண்டும். அப்படியானால் ஒன்பது மணிக்குள் பச்சை எரிந்தாக வேண்டும்.

போனில் சார்ஜிங் ஆப்பைத் திறந்தாள். ஒரகடத்து பங்க்கில் இருந்த இரண்டு சார்ஜர்களில் ஒன்று ரிப்பேர், ஒன்றில் ஆள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனால் வாடகைக் கார்கள் வரிசை கட்டி நிற்கும். முன்னால் நிற்கிறவன் டீ குடித்துவிட்டு வரும்வரை காத்திருக்க அவளிடம் நேரமில்லை.

புருஷன் பாலாஜியிடம் கேட்கலாம் என்றால், அவன் ஐந்தரை பஸ்ஸிலேயே முதல் ஷிப்டுக்குப் போய்விட்டான். லாரி என்ஜின் லைனில் வேலை. போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். மூன்று மணிக்கு மேல்தான் கைக்கு வரும்.

வீட்டில் இருந்தது மாமனார் சீனிவாசன் ஒருவர்தான். முப்பத்தொரு வருடம் கம்பம் ஏறி இறங்கி ரிடையர் ஆன ஒயர்மேன். வாசலில் நின்று பேப்பர் படித்துக்கொண்டே இவளைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, மறுபடியும் மக்கர் பண்ணுதா?"

"சிவப்பு எரியுது மாமா. புக்குல பாத்தேன். எர்த்து சரியில்லன்னா இப்படித்தான் மினுக்குமாம்."

பேப்பர் மடிந்தது. "யாரு எர்த்து சரியில்ல? என் எர்த்தா?"

அவர் கோபத்தில் நியாயம் உண்டு. இந்த வீட்டின் ஒயரிங் முழுக்க அவர் கைவேலை. எட்டடி ஆழம் தோண்டி, பைப்பு இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு எர்த்துக் குழி அமைத்தவர். பெற்ற பிள்ளையைச் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார்.

"இருவது வருசமா இந்த வூட்ல ஒரு ஷாக் அடிச்சிருக்குமா? லைட்டு எரியுது, ஃபேன் சுத்துது, கிரைண்டர் ஓடுது. உன் காரு மட்டும் பெரிய மகாராணியா?"

"அதுதான் மாமா எனக்கும் தெரியணும். மத்தது எல்லாம் ஓடுது, இது மட்டும் ஏன் ஓடல?"

இந்த 'ஏன்' அவளைப் பதின்மூன்று வருடமாகப் பிடித்த பேய். கம்பெனியில் ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆகி வந்தால் யாரையும் திட்டமாட்டார்கள். ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டு முன்னால் வைப்பார்கள். ஏன் என்று கேட்டுப் பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலை ஏன் என்று கேட்க வேண்டும். இப்படி ஐந்து தடவை. இங்கிலீஷில் ஒய்-ஒய், அதாவது ஏன்-ஏன், என்று பெயர். ஒரகடத்தில் மெஷின் தொட்ட யாரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்.

நகைக் கடைக் காலண்டரில் முடிந்த மாதத்தைக் கிழித்து, பின்பக்கம் ஐந்து கட்டம் போட்டாள்.

"பரிச்சை எழுதுறியா?" என்றார் சீனிவாசன்.

"நீங்கதான் எழுதணும். மொதல் ஏன், காரு ஏன் ஏறல? பெட்டி சிவப்பு காட்டுது. ரெண்டாவது ஏன், சிவப்பு ஏன்? எர்த்து இல்லன்னு சொல்லுது. உண்மையா பொய்யான்னு நீங்க சொல்லுங்க."

சீனிவாசன் முறைத்தார். ஆனாலும் தொழில் சும்மா விடுமா? உள்ளே போய்த் தன் பழைய டெஸ்ட் லேம்ப்பை எடுத்துவந்தார். ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர், அவ்வளவுதான். கார் ஒயரைப் பிடுங்கிவிட்டு, சுவரில் இருந்த பிளக்கின் இரண்டு ஓட்டைகளில் ஒயரைச் செருகினார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"பாத்தியா?" என்றார் வெற்றியோடு.

பிறகு ஓர் ஒயரை எடுத்து, மேலே இருந்த பெரிய ஓட்டையில், எர்த்து ஓட்டையில், செருகினார். முன்பு போலவே பளிச்சென்று எரிந்திருக்க வேண்டும். பல்பு அழுது வடிந்தது. உள்ளே இருந்த கம்பி மட்டும் செக்கச் சிவந்து தெரிந்தது.

சீனிவாசன் இன்னொரு தடவை செருகிப் பார்த்தார். மூன்றாவது தடவையும் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க சௌந்தர்யாவுக்கே பாவமாகிவிட்டது.

"லைட்டுக்கும் ஃபேனுக்கும் எர்த்து இல்லன்னாலும் ஓடும்மா," என்றார் மெதுவாக. "அதுங்க கேக்காது. இந்தப் பெட்டி கேக்குது. கேட்டது நல்லதாப் போச்சு. எர்த்து இல்லாத வூட்ல ஈரக் கையோட கிரைண்டரத் தொட்டா இன்னா ஆவும் தெரியுமா?"

"மூணாவது ஏன்," என்றாள் அவள், எழுதிக்கொண்டே. "எர்த்து எங்க போச்சு?"

இருவரும் மெயின் போர்டிலிருந்து இறங்கிய பச்சை எர்த்து ஒயரைப் பின்தொடர்ந்தார்கள். சுவரோரமாக இறங்கி, தரையில் புகுந்து காணாமல் போயிற்று. புகுந்த இடத்தில் வழவழவென்று புது சிமெண்ட் தரை. அதன்மேல் நீலக் கார்.

"குழி இதுக்குக் கீழதான்," என்றார் சீனிவாசன்.

சௌந்தர்யா நின்றுவிட்டாள். அந்தத் தரை பாலாஜி போட்டது. கார் வருவதற்கு ஒரு வாரம் முன்பு, இரண்டு நாள் லீவு போட்டு, ஒரு மேஸ்திரியைக் கூட்டிவந்து, தானே ஜல்லி சுமந்து, வெயிலில் கறுத்துப் போய்ப் போட்ட தரை. கார் வாங்கும் பேச்சு எடுத்த நாளிலிருந்து உம்மென்றே இருந்தவன், அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் பக்கம் வந்து நின்றான். "வண்டி மண்ணுல நிக்க வேணாம்," என்று ஒரே வார்த்தைதான் சொன்னான். அவளுக்கு அன்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நான் அன்னிக்கு இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன்," என்றார் சீனிவாசன். "குன்றத்தூர்ல உன் நாத்தனார் வூட்ல ஒரு வாரம் இருந்துட்டு வந்தேன். வந்து பாத்தா தரை போட்டுக் காரும் நிக்குது. அழகா கீதுன்னு நெனச்சேனே தவிர, குழி ஞாபகமே வரல. குழி காஞ்சா எர்த்து பிடிக்காதுன்னு வெயில் காலத்துல வாரத்துக்கு ரெண்டு கொடம் ஊத்துவேன். ஊத்தவும் மறந்தேன் பாரு."

"ஆனா மாமா, கார் வந்து மொத எட்டு நாள் நல்லாத்தான் ஏறிச்சு. குழி அப்பவும் மூடித்தானே இருந்துச்சு?"

அவர் தலையைச் சொறிந்தார். அவள் கண்ணை மூடி யோசித்தாள். எட்டு நாள் ஏறியது. ஒன்பதாம் நாள் விட்டு விட்டு ஏறியது. அப்புறம் ஒரேயடியாக நின்றுவிட்டது. எட்டாம் நாள் என்ன மாறியது?

"சாக்கு!" என்று கத்தினாள்.

"இன்னா சாக்கு?"

"நனைச்ச சாக்கு மாமா! தரை காயாம இருக்கப் பதினஞ்சு நாள் தண்ணி ஊத்தச் சொன்னாரு மேஸ்திரி. காலைல சாயந்தரம் நான்தான் ஊத்துனேன். ஓரத்துல வழிஞ்ச தண்ணி குழிக்குப் போயிருக்கும். பதினஞ்சு நாள் முடிஞ்சுது, சாக்கை எடுத்தேன். குழி காஞ்சுபோச்சு, காரும் நின்னுபோச்சு!"

கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒரு நொடி ட்ரயலே மறந்துவிட்டது. சீனிவாசன் மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ ஒயர்மேனா சேந்திருக்கணும்," என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் பாராட்டு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

நாலாவது கட்டத்தில் 'குழி மேல் தரை' என்று எழுதினாள். ஐந்தாவது காலியாக இருந்தது. மேஸ்திரி கவனிக்கவில்லை, பாலாஜிக்குத் தெரியவில்லை, வேறென்ன இருக்கப்போகிறது? எழுதவும் நேரமில்லை. மணி ஏழே முக்கால்.

காரைத் தெருவில் தள்ளி நிறுத்தினாள். சீனிவாசன் சுவரிலிருந்து மூன்றடி அளந்து, கரித்துண்டால் ஒரு வட்டம் போட்டார். கடப்பாரையை அவள் வாங்கிக்கொண்டாள்.

முதல் குத்துக்கு மனசு வரவில்லை. அவன் தோளில் ஜல்லிக் கூடை அழுத்திய சிவப்புத் தடம் நினைவுக்கு வந்தது. சாயந்தரம் வந்து பார்த்தால் முகம் சுண்டிப்போகும். போனில் சொல்லாமல், நேரில் பதமாகச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, ஓங்கிக் குத்தினாள்.

எட்டேகாலுக்கு சிமெண்ட் பிளந்தது. அதற்கடியில் பைப்பின் வாய் தெரிந்தது. ஒரு பாலித்தீன் பையைச் சுருட்டி அந்த வாயில் யாரோ அழுத்தி அடைத்திருந்தார்கள். சிமெண்ட் உள்ளே இறங்காமலிருக்க மேஸ்திரி செய்திருப்பார் என்றார் சீனிவாசன். பிடுங்கி எறிந்துவிட்டுக் குச்சியை விட்டுப் பார்த்தார். சுக்காகக் காய்ந்திருந்தது.

நாலு குடம் தண்ணீர், ஒரு பாக்கெட் கல் உப்பு. தண்ணீர் இறங்குகிற சத்தம் கடகடவென்று கேட்டது. கால் மணி நேரம் பொறுத்து டெஸ்ட் லேம்ப்பைச் செருகினார். பல்பு கண் கூச எரிந்தது.

எட்டு நாற்பதுக்குக் கார் பழைய இடத்துக்கு வந்தது. குழியை மிதிக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கி நிறுத்தினாள். ஒயரைச் செருகிவிட்டு இருவரும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிவப்பு. நீலம். பிறகு பச்சை மினுக்க ஆரம்பித்தது.

"என் எர்த்து!" என்றார் சீனிவாசன், பெட்டியைத் தட்டிக்கொடுத்தபடி.

பன்னிரண்டேகாலுக்கு அறுபத்தாறு சதவீதத்தோடு கிளம்பினாள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் நாலு பெண்கள் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு நின்றார்கள். முன்சீட்டில் ஏறிய ஷீபா, முன்பு சௌந்தர்யாவோடு ஒரே டேபிளில் வேலை பார்த்தவள். இப்போது இந்தக் கம்பெனியில் இருக்கிறாள்.

"அக்கா, ஏசி இருக்கா இதுல?"

ஏசி போட்டால் சதவீதம் இறங்கும். போடாவிட்டால் நாலு பேரும் நாளைக்கு ஷேர் ஆட்டோவே மேல் என்பார்கள். சௌந்தர்யா பல்லைக் கடித்துக்கொண்டு பட்டனைத் தட்டினாள்.

"சத்தமே இல்லியேக்கா, வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சா?"

"ரயில்வே கேட்டையே தாண்டிட்டோம்டி."

பின்சீட்டில் சிரிப்பு. சௌந்தர்யாவும் சிரித்தாள், ஆனால் கண் நம்பர் மேலேயே இருந்தது. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தாறு. ஒரு கன்டெய்னர் லாரி ரோட்டை அடைத்துத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஏழு நிமிடம். ஐம்பத்து மூன்று. ஒன்று இருபத்தெட்டுக்குக் கம்பெனி கேட்டில் நிறுத்தியபோது ஐம்பத்தொன்று.

ஜீவானந்தம் ஜன்னலில் குனிந்து நம்பரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏசி போட்டா வந்தீங்க?"

"ஆமா சார்."

"சரி. மூணு மணிக்கு மொத ஷிப்ட் ஆளுங்கள ஸ்டேஷன்ல விட்டுட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்."

விட்டுவிட்டு வந்தாள். நாலே கால் மணிக்கு டிரான்ஸ்போர்ட் ரூம் ஜன்னல் வழியாக ஜீவானந்தம் ஒரு தாளை நீட்டினார்.

"நாளையிலேருந்து ரெண்டு ஷிப்ட்டும்மா. ஒரு வருச அக்ரிமென்ட். கையெழுத்துப் போட்டுருங்க. நடுவுல வேணாம்னு போயிடக் கூடாது."

சௌந்தர்யாவுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பேனாவைத் தேடும்போது போன் அடித்தது. பாலாஜி.

"முடிஞ்சுதுங்க!" என்றாள், அவன் ஹலோ சொல்வதற்குள். "ரூட்டு நமக்குத்தான், கையெழுத்துதான் பாக்கி. ஏசி போட்டே அம்பத்தொண்ணு நின்னுச்சு!"

அந்தப் பக்கம் கம்பெனி பஸ் இரைந்துகொண்டிருந்தது.

"கேக்குதா?"

"கேக்குது," என்றான். அதே மூச்சில், "பைப்பு மேல மட்டுமா ஒடச்சீங்க? தரை முழுக்கப் போச்சா?" என்றான்.

அவள் தரையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. காலையிலிருந்து சொல்லாமல் பொத்தி வைத்திருந்ததே அது ஒன்றைத்தான்.

"மாமா போன் பண்ணாரா?"

"இல்ல."

"அப்ப ஒடச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒடைக்காம வண்டி ஏறியிருக்காதே."

ஜீவானந்தத்துக்குக் கேட்காதபடி அவள் நாலடி தள்ளிப் போனாள். "பைப்பு அங்க கீதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஒயர்மேன் பையன் சௌந்து நான். எனக்குத் தெரியாதா? மேஸ்திரி கேட்டாரு, பைப்ப விட்டுட்டுப் பூசட்டுமான்னு. மூடிடுங்கன்னேன். பையை அடைச்சதும் நான்தான்." இரைச்சலுக்கு மேலே அவன் குரல் உயர்ந்தது. "கார் பாக்கப் போனோமே, நீ ஓட்டிப் பாக்கப் போயிருந்தப்ப காரை வித்த ஆளு சொன்னான், எர்த்து சரியில்லன்னா வூட்ல ஏறாதுன்னு. உன் எச்.ஆர்.ல கேட்டேன். முப்பதாந் தேதி வரைக்கும் லெட்டர வாபஸ் வாங்கலாமாம். வண்டி நாலு நாள் நின்னா நீயே வேலைக்குத் திரும்பிடுவேன்னு நெனச்சேன்."

கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஈரக் கையோடு அவளும் மாமாவும் கிரைண்டரைத் தொடுகிற வீடு அது. வேலை போய் நடுத்தெருவில் நின்றிருப்பாள். ஆனால் அவளுக்கு வலித்தது வேறு இடத்தில். தரை போட்ட அன்று அவன் கறுத்த முதுகைப் பார்த்து அவள் கண் கலங்கினாளே, அதை அவன் பார்த்துக்கொண்டுதானே நின்றான்? துடைத்துக்கூட விட்டானே!

"எங்கிட்ட வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றாள். குரல் உடைந்துவிட்டது.

"சொன்னா ஏன்னு கேப்ப."

"கேப்பேன். இப்பவும் கேக்குறேன். ஏன்?"

"எங்க லைன்ல..." என்று ஆரம்பித்தான். நிறுத்தினான். பஸ்ஸில் யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"இன்னா உங்க லைன்ல?"

"ரெண்டு நாள் டைம் கீது சௌந்து. கையெழுத்து மட்டும் இன்னிக்குப் போட்டுடாத. வூட்டுக்கு வா, சொல்றேன்."

போன் நின்றுபோயிற்று.

ஜீவானந்தம் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். "என்னம்மா, வீட்ல ஏதும் பிரச்சினையா? வேணும்னா யோசிச்சுட்டு வாங்க. டீசல் வேன்காரர் ஆறு மணிக்கு வர்றேன்னிருக்காரு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குத் திரும்பி வந்தாள். தாளை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"பேனா குடுங்க சார்," என்றாள். "தேதி நான் போடணுமா, நீங்க போடுவீங்களா?"

"நீங்களே போடுங்க."

இருபத்தெட்டு என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.